ஓங்கில் எந்தக் குடி

எங்கள் விலங்கியல் புத்தகத்தில் ஒரு சொல் இருந்தது. முலையூட்டி. அதை வகுப்பில் வாய்விட்டு வாசிக்க எங்களில் ஒருத்திக்கும் துணிவு இருக்கவில்லை. பாண்டிருப்பிலிருந்து வரும் டீச்சர் அரிசி, பருப்பு என்று சொல்வதுபோல அதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்புவார். அவர் திரும்பியதும் பின்வரிசை வாங்கில் சிரிப்பு கிளம்பும். எங்களை வாசிக்கச் சொன்னால் அந்த இடம் வந்ததும் எல்லோருக்கும் தொண்டை கரகரக்கும். உயர்தர வகுப்பின் முதல் வருடம் முழுக்க எங்கள் வகுப்புக்கே இருமல் வருத்தம்.

நான் அந்தச் சொல்லுக்கு என் பாட்டில் வேறொரு பெயர் வைத்துக்கொண்டேன். பால்குடி. எங்கள் ஊரில் கைக்குழந்தையையும் பால்குடி என்பார்கள். ஒரு தாயிடம் பால் குடித்ததால் வரும் உறவையும் பால்குடி என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில் பிடித்தது அதன் பின்பாதி. குடி. எங்கள் கரையில் குடி என்றால் தாய்வழி. ஒரு தாய், அவள் பெற்ற பெண்கள், அந்தப் பெண்கள் பெற்றவர்கள் என்று இறங்கிவரும் கூட்டம் ஒரு குடி. பள்ளிவாசலில் குடியின் சார்பில் பேச, குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பார். வாப்பாவின் குடி பிள்ளைக்கு ஒட்டாது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. புதிதாக ஒரு பெண் தெருவுக்கு வந்தால், என்ன சமைத்தாய் என்று கேட்கும் முன்பே என்ன குடி என்று கேட்டுவிடுவார்கள்.

அதனால், உலகத்து உயிர்களையெல்லாம் கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று டீச்சர் பலகையில் கிளை கிளையாகப் பிரித்தபோது மற்றப் பிள்ளைகள் மனப்பாடத்தை நினைத்துப் பயந்தார்கள். எனக்கு அது, கலியாண வீட்டில் சாச்சிமார் பாய் விரித்து உட்கார்ந்து கதைக்கிற கதையாகத்தான் கேட்டது. யார் யாருடைய வயிறு, எந்த இடத்தில் பிரிந்தார்கள், பிரிந்து எவ்வளவு காலம். விலங்கியல் இவ்வளவு வம்பு நிறைந்த பாடம் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கீழ் வகுப்புகளில் அவ்வளவு தூங்கியிருக்கமாட்டேன்.

சூறாவளி தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன மறு வருடம் அது. மறைப்பதற்கு மரம் இல்லாததால் எங்கள் வீட்டின் பின் யன்னலிலிருந்து கடல் தெரியத் தொடங்கியிருந்தது. பிறந்ததிலிருந்து வீட்டில் காதால் மட்டும் கேட்டுவந்த கடலை நான் ஆசைதீரப் பார்த்தது அந்த வருடம்தான். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கடலைச் சரியாகப் பார்க்காமல் வளரமுடியுமா என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் பெண் பிள்ளையாகப் பிறந்து பார்க்கவேண்டும். பெருநாளைக்குப் பின்னேரம் உம்மாமாரோடு கூட்டமாகப் போய், முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கால் நனையாமல் திரும்பி வருவோம். அவ்வளவுதான் எங்களுக்கும் கடலுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல்.

அதுவரை கடலில் இருப்பதெல்லாம் எனக்கு ஒரே குவியல். கீரி, சூடை, பாரை, அறக்குளா என்று பெயர் தெரியும். கறிக்கா பொரியலுக்கா என்பதும் தெரியும். ஆனால் ஏன் ஒன்று இன்னொன்றைப்போல் இருக்கிறது, ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றியதே இல்லை. பாடம் தொடங்கிய பிறகு அந்தக் குவியல் மெல்ல மெல்லப் பிரிந்து ஒழுங்காக நின்றது. இறாலும் நண்டும் எங்கள் வீட்டுக் கரப்பானும் ஒரு கணம் என்று அறிந்த அன்று கரப்பானை அடிக்கக் கை வரவில்லை. கணவாயை நான் மீன் என்றுதான் நினைத்திருந்தேன். அது மட்டியோடும் நத்தையோடும் சேர்ந்த ஆள், தன் ஓட்டை முதுகுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு திரிகிறது. ஒன்றுக்கும் உதவாத கடலட்டையும் அழகான நட்சத்திரமீனும் ஒரு தாய் மக்கள். கடற்குதிரை ஒரு மீன். நட்சத்திரமீன் மீனே இல்லை. கடற்பாம்பும் விலாங்கும் ஒரே மாதிரி நெளிகின்றன, ஆனால் ஒன்று மேலே வந்து மூச்சு விடுகிறது, மற்றது செவுள் பூவால் மூச்சு விடுகிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதற்கும் உறவாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம் என்று எனக்குப் பட்டது.

கூர்ப்பு என்ற பாடம் வந்தபோது வகுப்பு கொஞ்சம் கலங்கியது. ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தது என்று டீச்சர் சொல்லச் சொல்ல என் பக்கத்தில் இருந்தவள் மெல்லத் தௌபாச் செய்து பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் கேட்டேன். வாப்பா யோசித்துவிட்டு, சோதினைக்கு எழுது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று தீர்ப்புச் சொன்னார். உம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, அல்லாஹ் எல்லாத்தையும் தண்ணியிலிருந்துதானே படைத்தான், அதற்குப் பிறகு எந்த வழியால் கூட்டிவந்தான் என்று அவனுக்குத்தான் தெரியும் என்றார். எனக்கு உம்மாவின் பதில் போதுமாக இருந்தது. நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பின் யன்னலடியில் பாய் போட்டுப் படுப்பேன். யன்னல் கட்டின்மேல் கண்ணாடிப் போத்தல்கள் இருந்தன. பாடசாலையிலிருந்து கொஞ்சம் போமலின் வாங்கிவந்து அவற்றில் கடல் உயிர்களை இட்டுவைத்திருந்தேன். வெயில் போத்தல்களுக்குள்ளால் வந்து சுவரில் விழும். சுவரில் ஒரு சிறிய கணவாய் அசையும், ஒரு நண்டின் கால் நீளும். கண்ணை மூடினால் கடல் எங்கள் தெருவாகிவிடும். இரண்டு பக்கமும் கிடுகு வேலி, வேலிக்குள் வீடுகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தாய். சுறாவும் திருக்கையும் ஒரே வளவில் இருக்கும். எலும்பில்லாத குடி, உடம்பெல்லாம் காது மடல்போல வளைகிற கசியிழையம். அடுத்த வளவில் எலும்புள்ள மீன்கள், எண்ணித் தீராத பிள்ளைகள். நான் தண்ணீருக்குள் நனையாமல் நடந்து போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று, நீங்கள் என்ன குடி என்று கேட்பேன். அவை சொல்லும். விழித்தால் அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

போத்தல்களுக்குள் இருந்தவற்றையெல்லாம் கொண்டுவந்து தந்தவன் மச்சான். வாப்பாவின் தங்கச்சி மகன். மாமியின் வீட்டுக்காரருக்குக் கரைவலை இருந்தது. மச்சான் படிப்பை நிறுத்திவிட்டுக் கடற்கரையில் மீன்வாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலை இழுத்து மீனைப் பிரித்த பிறகு, விலைபோகாதவற்றையெல்லாம் எனக்காக ஓலை உமலில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவான். குசினிக் கதவடியில் வைத்துவிட்டு உம்மாவைக் கூப்பிடுவான். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவன் என்னைப் பார்க்கமாட்டான். நான் கதவு இடுக்கால் அவனை நன்றாகப் பார்ப்பேன். உப்பு காய்ந்து வெள்ளையாகிப்போன புருவம். அதை இன்றைக்கும் வரைந்து காட்டச் சொன்னால் காட்டுவேன்.

நான் பிறந்த நாளிலிருந்து, இவள் அவனுக்கு என்று ஊர் சொல்லிவந்தது. அவன் மாமியின் குடி, நான் உம்மாவின் குடி, தடையே இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள், வீடும் பெண்ணுக்கே கொடுப்பார்கள். என் மூத்த சகோதரர் காக்கா மருதமுனையில் கலியாணம் முடித்துப் போய்விட்டதால் எங்கள் வீடு எனக்கு. சூறாவளி பிய்த்த கூரையைச் சரி பண்ணும்போதே வாப்பா முன்பக்கம் ஒரு மண்டபமும் அறையும் சேர்த்துக் கட்டத் தொடங்கியிருந்தார். சோதினை முடிந்ததும் மாமி வீட்டுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போவதாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: எனக்கு அவனை அவ்வளவு பிடிக்கும். அந்த வீடு, அந்தச் சோதினை, அந்தப் போத்தல்கள் எல்லாமே அவனிடம் போய்ச் சேரும் வழி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவன் கொண்டுவந்த மட்டியையும் கணவாயையும் பார்த்து, இவை இரண்டும் ஒரு கணம் என்று கதவுக்குப் பின்னால் நின்று உம்மாவுக்குச் சொன்னேன். உம்மாவுக்குச் சொல்வதுபோல அவனுக்குச் சொல்வதுதான் எங்கள் முறை. அவனும் உம்மாவைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னான்.

"அப்ப அதுகளுக்குள்ள கலியாணம் இல்ல. நாங்க வேற வேற குடி, எங்களுக்கு ஒரு தடையும் இல்ல."

உம்மா சிரிக்கவில்லை. வெயிலில் நிற்காதே, போ என்று அவனை அனுப்பிவிட்டார். வெட்கம் கெட்டுக் கதைத்ததற்குக் கோபம் என்று நான் நினைத்தேன். நான் மட்டும் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் கரையில் ஓங்கில் என்று சொல்லும் டொல்பினைப் பற்றி டீச்சர் படிப்பித்தது அந்தக் கிழமைதான். ஒரு காலத்தில் தரையில் நாலு காலில் நடந்த ஏதோ ஒன்று, ஏன் என்று தெரியவில்லை, திரும்பிக் கடலுக்குப் போனது. போனதன் பிள்ளைகள், அவற்றின் பிள்ளைகள் என்று எண்ணமுடியாத தலைமுறை. முடி உதிர்ந்தது. பின்கால் மறைந்தது. முன்கை துடுப்பானது. மூக்கு உச்சிக்கு ஏறியது. சுறாவுக்குப் பக்கத்தில் விட்டால் இரண்டும் ஒரே அச்சு. டீச்சர் பலகையில் ஓங்கிலின் துடுப்பை வரைந்து உள்ளே எலும்புகளைக் காட்டினார். ஐந்து விரல். பக்கத்தில் வௌவாலின் சிறகு, ஐந்து விரல். அதற்குப் பக்கத்தில் தன் இடது கையைப் பலகையில் வைத்து வெண்கட்டியால் சுற்றி வரைந்தார். வகுப்பில் இருமல் கூட வரவில்லை. மேசைக்குக் கீழே நான் என் விரல்களை ஒட்டிவைத்துப் பார்த்தேன், துடுப்பு எப்படி இருக்கும் என்று.

அதற்குச் சில நாள் கழித்து, சுபஹு தொழுது முடிந்து வெளுக்கிற நேரம், தெருவெல்லாம் ஆட்கள் கடற்கரைக்கு ஓடும் சத்தம் கேட்டது. மாமியின் கரைவலையில் ஓங்கில் பட்டுவிட்டதாம். பெண்களும் ஒரு கூட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள். நான் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கடலில் அலை இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து வலையை இழுத்துப் போட்டிருந்தார்கள். கரைவலையின் பைக்கு மடி என்று பெயர். மாட்டுக்கும் நாங்கள் மடி என்போம். அந்த மடிக்குள் அது கிடந்தது.

நான் கண்ட முதல் ஓங்கில். போத்தலுக்குள் அடங்காத ஒன்று. உயிர் இருந்தது. உச்சியில் இருந்த துவாரம் திறந்து, களைத்த பெண் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு விடுவதுபோல ஒரு மூச்சு வந்தது. வால் மணலில் மேலும் கீழுமாக அடித்தது. மீனின் வால் பக்கவாட்டில் அடிக்கும். மாடு துள்ளி ஓடும்போது முதுகு மேலும் கீழுமாக வளையும். நடந்த காலத்தின் முதுகை அது இன்னும் வைத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, யாரையாவது பிடித்துச் சொல்லவேண்டும்போலவும் இருந்தது.

ஆண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறுப்பதா விடுவதா என்பதுதான் சண்டை. கடலில் உள்ளது மீன், மீனை அறுக்கத் தேவையில்லை என்றது ஒரு பக்கம். மீன் இப்படி மூச்சு விடுமா, அறுக்காமல் செத்தால் ஹறாமாகிவிடும் என்றது மறுபக்கம். பள்ளிவாசலிலிருந்து நேரே வந்த ஒரு முதியவர், எதற்கும் அறுத்துவிடுவோம் என்று கத்திக்கு ஆள் அனுப்பினார். கத்தி வருவதற்குள், தலையைக் கிப்லாப் பக்கம் திருப்புங்கள் என்றார். எங்களுக்குத் தொழும் திசையான கிப்லா மேற்கு, கடல் கிழக்கு. பல பேர் சேர்ந்து அதைத் தூக்கி, கடலுக்கு வாலும் ஊருக்குத் தலையுமாகத் திருப்பிப் போட்டார்கள். மீனை யாரும் கிப்லாவுக்குத் திருப்புவதில்லை. திருப்பியவர்கள் எல்லோரும், வாயால் என்ன சொன்னாலும், அது மீன் இல்லை என்று கையால் ஒத்துக்கொண்டார்கள்.

கத்தி வருவதற்குள் அது செத்துப்போனது. அதன் பிறகு சண்டை இன்னும் பெரிதானது. மீன் என்றால் செத்ததைச் சாப்பிடலாம். மிருகம் என்றால் தொடக்கூடாது. இறைச்சியின் அளவைப் பார்த்து, அதை மீன் என்பவர்களின் தொகை கூடிக்கொண்டே போனது. அப்போது யாரோ அதைப் புரட்டினார்கள். அடிவயிற்றில் ஒரு வெடிப்பிலிருந்து பால் வந்தது. கெட்டியான பால். ஈர மணலில் வெள்ளையாக ஓடி, ஓடிய இடத்திலேயே நின்றது.

சண்டை நின்றுவிட்டது. கத்தி கொண்டுவந்தவன் அதைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டான்.  மேட்டில் குழி வெட்டத் தொடங்கினார்கள்.

மச்சான் அப்போது அங்கே இருக்கவில்லை. மடியில் குட்டியும் இருந்ததாம். வலை கரை தட்டியவுடனேயே, மற்றவர்கள் பெரியதைச் சுற்றி நின்றபோது, அவன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு குட்டியைத் தோணியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்விட்டான். நாங்கள் திரும்பும் நேரம் தோணி வந்தது. தலையிலிருந்து தண்ணீர் ஒழுக இறங்கினான். கூட்டமாக மற்ற ஓங்கில்கள் வெளியில் நின்றன, குட்டி அவற்றோடு போய்விட்டது என்று உம்மாவிடம் சொன்னான். உம்மா அவன் தலையைத் துடைக்க முந்தானையைத் தூக்கிவிட்டு, எல்லோரும் நிற்பதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மற்றப் பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். உம்மா மெதுவாக நடந்தார்.

"அந்தக் குட்டிக்கு இனி ஆரு பால் குடுக்கிற?"

"கூட்டத்துல வேற தாய் இரிக்கும் உம்மா. அது குடுக்கும்."

அது எனக்குத் தெரியாது. டீச்சர் படிப்பிக்கவும் இல்லை. ஆனால் அன்று காலை கடலைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பில் இருந்தேன். உம்மா கேட்டுக்கொண்டு வருகிறார் என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அது மீன் இல்லை. மீனைப்போல இருப்பது தொழிலால் வந்தது, உறவு வேறு. துடுப்புக்குள் ஐந்து விரல் இருக்கிறது. எத்தனை காலம் தண்ணீரில் இருந்தாலும், எந்த உருவத்துக்கு மாறினாலும், பாலை வைத்து அதை யார் என்று சொல்லிவிடலாம். மாடு, ஆடு, ஓங்கில், நாங்கள், எல்லாம் ஒரு வகுப்பு. அந்த வகுப்பின் பெயரைத் தெருவில் வைத்துச் சொல்ல வெட்கப்பட்டு, என் பெயரைச் சொன்னேன்.

"எல்லாம் பால்குடிதான் உம்மா. பால் வந்தா அதுக்குப் பொறகு வேற குடி பாக்கிறல்ல. பால் குடுத்ததும் தாய்தானே."

உம்மா நின்றுவிட்டார். வேலிக் கிடுகைப் பிடித்துக்கொண்டார். தலைசுற்றா என்று கேட்டேன். 

வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டாமல், குசினித் தரையில் உட்கார்ந்து உம்மா சொன்னார். காக்கா பிறந்த அதே மாதம் மாமிக்கும் மகன் பிறந்தான். பிறந்த கொஞ்ச நாளில் மாமிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை எங்கள் வீட்டில். மாப்பால் போத்தலை வைத்தால் துப்பினான். உன் பிள்ளைக்கே காணாது, இவனுக்குக் கொடுக்காதே என்று வீட்டில் பெரியவர்கள் உம்மாவைத் தடுத்திருந்தார்கள். அவன் கத்திக் கத்திச் சத்தம் அடங்கிப்போனபோது உம்மாவால் தாங்க முடியவில்லை. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தார். பிறகு ஒவ்வொரு நாளும் கொடுத்தார். பிள்ளை தேறியதைப் பார்த்து எல்லோரும் மாப்பாலைப் புகழ்ந்தார்கள். மாமி மெலிந்து கறுத்துத் திரும்பி வந்தபோது அவருக்குப் பால் வற்றியிருந்தது, பிள்ளை அவரிடம் போகமாட்டேன் என்று அழுதான். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது. சொல்லாமல் விட்டார். நான் பிறந்ததும் ஊர் பகிடியாக, இவள் அவனுக்கு என்றது. பகிடிதானே என்று விட்டார். பகிடி மண்டபமாகி அறையாகி எழும்பிக்கொண்டிருந்தபோது, பிள்ளையின் தொண்டையை நனைத்ததெல்லாம் கணக்கில் வராது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இருந்தார்.

ஓதப்பள்ளியில் படித்தது எனக்கு நினைவு வந்தது. ஒரே தாயிடம் குடித்தவர்களுக்குள் கலியாணம் கூடாது, ஆனால் ஐந்து முறை வயிறு நிறையக் குடித்திருந்தால்தான் அந்த உறவு வரும். அதைப் பிடித்துக்கொண்டு உம்மாவை உலுக்கினேன். ஐந்து முறை இருக்காது என்று சொல்லுங்கள் என்றேன். அவ்வளவு சத்தமாக உம்மாவிடம் நான் அதற்கு முன்னும் கதைத்ததில்லை, பின்னும் இல்லை. உம்மா கைகளை விலக்காமலே சொன்னார்.

"நோன்பு தொடங்க முந்தி வந்தவன், பெருநாள் முடிஞ்சுதான் போனான். நான் அவனுக்கும் உம்மா, மகள்."

எனக்கு ஆத்திரம் வந்தது. பசித்த பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்மேல் ஆத்திரப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்துகொண்டே ஆத்திரப்பட்டேன். ஒரு கிழமைக்கு முதல் சொல்லியிருக்கக் கூடாதா, ஒரு வருடத்துக்கு முதல், அவன் உமலோடு முதல் நாள் வந்தபோது. அல்லது ஒருநாளும் சொல்லாமலே இருந்திருக்கக் கூடாதா. இந்தக் கடைசி நினைப்பு வந்ததும் எனக்கே பயமாகிவிட்டது.

வாப்பா மௌலவியிடம் கேட்டுவரப் போனார். ஒரு தரம் போய், அவர் கிதாபுகளைப் பார்க்கவேண்டும் என்று சொன்னதால் மறுபடியும் போகவேண்டியிருந்தது. அந்த நாட்களில் நான் யன்னலடியிலேயே கிடந்தேன். விழித்திருந்தேனா தூங்கினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. வெயில் வந்தது, போத்தல்கள் சுவரில் அசைந்தன, வெயில் போனது. கண்ணை மூடினால் அதே தண்ணீர்த் தெரு. நான் எனக்கு ஒரு விதிவிலக்குத் தேடி வாசல் வாசலாகப் போனேன். புத்தகத்தில் விதிவிலக்குகள் இருக்கின்றன. முட்டை இடுகிற ஒரு மிருகம் இருக்கிறது, வாத்தின் சொண்டு, நீர்நாயின் உடம்பு. எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது என்று முதலில் எல்லோரும் திகைத்தார்களாம். கடைசியில் அதுவும் குஞ்சுகளுக்குப் பால் கொடுப்பதைக் கண்டு அதையும் எங்கள் வகுப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். பால் என்று ஒன்று வந்துவிட்டால் வெளியே போக வழியே இல்லை.

அதில் இன்னொன்றும் எனக்குப் புரிந்தது, புரிந்தது ஆறுதல் தரவில்லை. ஓங்கில் எத்தனை காலம் மீனோடு மீனாகத் திரிந்தும் மீனாகவில்லை. யார் மீன் என்று கூப்பிட்டாலும், வலையில் மீனோடு சேர்த்து இழுத்தாலும், அது உள்ளே யாராக இருந்ததோ அவராகவே இருந்தது. பதினெட்டு வருடம் ஊர் முழுக்க அவனை என் மாப்பிள்ளை என்று கூப்பிட்டது. நானும் கூப்பிட்டேன், வாய்க்குள்ளே. எங்களுக்கு முன்பே எங்கள் உறவு முடிவாகியிருந்தது. நாங்கள்தான் பெயரைப் பிழையாக எழுதி ஒட்டியிருந்தோம்.

மௌலவியிடமிருந்து வாப்பா லுஹர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தார். குடையை மடக்கிக் கட்டி முடிக்காத மண்டபச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல், சீமெந்துக் கற்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவன் உனக்கு மஹ்ரம், கூடப்பொறந்தவன் மாதிரி. இனி அவனுக்கு முன்னால நீ ஒளியத் தேவல்ல."

மாமி வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மாமி நாள் முழுக்க அழுததாகவும், பிறகு எழுந்துவந்து உம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றியதாகவும் காக்கா சொன்னார். மச்சானைப் பற்றிக் காக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்கு இனி அவனை மச்சான் என்று சொல்லக்கூடாது என்பதே பழகவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு இதை எழுதும்போதும் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஜும்ஆ முடிந்து வந்தான். குசினிக் கதவடியில் நிற்கவில்லை. முன்வாசலால் ஏறி, மண்டபத்தைக் கடந்து, நேரே உள்ளே வந்தான். ஊர் தெரிந்த வீட்டில், பெண் பிள்ளை இருக்கும் உள்வீட்டுக்குள், ஒரு ஆம்பிளைப் பிள்ளை அப்படி வரலாம் என்றால் அவன் அந்த வீட்டு மகனாக இருக்கவேண்டும். வாசலில் நின்று, மாமி என்று கூப்பிட வாயெடுத்து, நிறுத்தி, உம்மா என்றான். உம்மா குசினிக்குள்ளிருந்து ஓம் மகன் என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார், வெளியே வரவில்லை.

நான்தான் சோறு வைத்தேன். முக்காடு போடவில்லை. கை பழக்கத்தில் தோளுக்குப் போனது, வாப்பா சொன்னது நினைவு வந்து இறக்கிக்கொண்டேன். பாயில் அவனுக்கு எதிரே, கதவும் இடுக்கும் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவன் என்னைப் பார்க்கலாம் என்று மார்க்கம் அனுமதித்துவிட்டது. அவன் சோற்றைப் பிசைந்தான், சாப்பிட்டான், கோப்பையில் கை கழுவினான். கடைசிவரை தலையை நிமிர்த்தவே இல்லை.